கையெழுத்து ஆகும்வரை

செவிலி மூக்குக் குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் இருந்த கைப்பேசி அதிரத் தொடங்கியது. திரையில் ‘அத்தை’ என்று வந்தது. மகள் எட்டி எடுக்கப் போனாள். அதற்குள் அப்பாவின் தொழில் கூட்டாளி அதன்மேல் கையை வைத்துவிட்டார்.

“ஒரு நிமிஷம்மா. இப்ப எடுக்காத.”

“அங்கிள், அத்தைக்குச் சொல்லணும்.”

“சொல்லலாம், யாரு வேணாம்னா? சாயங்காலம் சொல்லலாம்.”

அப்பா போய்ச் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. படுக்கையின் சூடு இன்னும் ஆறவில்லை. இந்த மனிதர் சாயங்காலம் என்கிறார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

செவிலி வெளியே போனதும் கூட்டாளி கதவைச் சாத்திவிட்டு அம்மாவுக்கு விளக்கினார். நாலு பேரிடம் பணம் திரட்டி, நொடித்துப்போன கம்பெனிகளை வாங்கி, தட்டிக்கொட்டி நிமிர்த்தி, நல்ல விலைக்குத் தள்ளிவிடுவதுதான் அப்பாவின் தொழில். பணம் போட்டவர்கள் அவர் முகத்தை நம்பித்தான் போட்டார்கள். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் புதிதாக எதையும் வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. அதைச் சேர்க்கச் சொன்னதே அப்பாதான். தான் இல்லாமல் ஒரு துரும்பும் அசையாது என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த காலம் அது. இன்றைக்கு அப்பாவும் கூட்டாளியும் ஒரு ரொட்டி ஆலையை வாங்குவதாக இருந்தது.

“கையெழுத்து நான்தான் போடப்போறேன் அண்ணி. ஆனா அண்ணன் உயிரோட இருக்கணும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மனிதர் நிஜமாகத்தான் அழுதார், அதையும் சொல்ல வேண்டும்.

“இது நின்னுபோச்சுன்னா கடன் கொடுத்த பேங்க்காரன் நாளைக்கே ஆலையப் பூட்டிடுவான். அங்க வேலை செய்யற அத்தனை பேரும் தெருவுக்கு வந்துடுவாங்க. இந்த ஒரு மத்தியானம் மட்டும், அண்ணி.”

மகள் பல் மருத்துவர். ஆலையும் பேங்க்கும் அவளுக்கு என்ன தெரியும்? இதெல்லாம் மெய்யா பொய்யா என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் கட்டிலில் கிடந்தார். அவள் அம்மாவைப் பார்த்தாள்.

“வாங்கினதெல்லாம் அஞ்சு வருஷத்துல வித்துடுவாரு, என்னைத்தான் எவனும் விலை கேக்கல” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிற அம்மா, இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “அவர் வேலைன்னா நான் என்னிக்கும் குறுக்க நின்னதில்ல. செஞ்சுட்டுப் போங்க.”

அம்மா சுலபமாகச் சொல்லிவிட்டாள். போனில் காத்திருப்பது அத்தை அல்லவா.

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் அப்பா ஒரு அச்சகத்தை வாங்கினார். அத்தையின் கணவர் அங்கேதான் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். நம்ம மச்சான் கைக்குத்தானே வந்திருக்கிறது என்று சக ஊழியர்களுக்கெல்லாம் தைரியம் வேறு சொன்னாராம். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார். இயந்திரங்களைத் தனியாகவும் மனையைத் தனியாகவும் விற்றால்தான் லாபம் என்று வந்தது, விற்றார். வேலை போன மாமா வேறு எங்கும் போகவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தே ஒருநாள் போய்விட்டார். அன்றிலிருந்து அத்தை தம்பியோடு பேசவில்லை.

போன வாரம் மகள்தான் யாருக்கும் சொல்லாமல் அத்தையைக் கூப்பிட்டாள். “வர்றேன்” என்றாள் அத்தை. நாளைய விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அப்பாவிடம் அதைச் சொன்னதிலிருந்து கண் விழிக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. “அக்கா கிளம்பிட்டாளா?” இன்று காலையிலும் கேட்டார்.

கூட்டாளி மருத்துவமனைக்காரர்களிடம் பேசி, அறையைச் சாயங்காலம் வரை அப்படியே விடச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். “சத்தம் மட்டும் வேணாம் அண்ணி” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நடையில் அலுவலகத்து ஆட்கள் பூங்கொத்தோடு நின்றார்கள். மகள் கதவைத் துளி திறந்து வாங்கிக்கொண்டாள். ‘சீக்கிரம் எழுந்து வாருங்கள்’ என்று அதில் ஒரு அட்டை செருகியிருந்தது.

“இப்ப எப்படி இருக்காரு?”

“தூங்கறாரு.”

அம்மா கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. புருஷன் செத்ததற்கு வாய்விட்டு அழ ஒரு பெண்ணுக்கு அனுமதி இல்லாமல் போகும் என்று யார் நினைத்தார்கள்?

கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது. இந்தத் தடவை மகளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“ஏம்மா போனையே எடுக்கல? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

“டாக்டர் வந்திருந்தாங்க அத்தை.”

“எப்படி இருக்கான்?”

“அப்படியேதான்.”

“என்னால நாளைக்கு வரைக்கும் தாங்க முடியாதும்மா. அவன் காதுல வை. பேசிடறேன்.”

உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இப்போது கூட்டாளி பேனாவைத் திறந்திருப்பார். முகம் தெரியாத ரொட்டிக்காரர்கள் அத்தனை பேரும் அவள் தொண்டையில் வந்து நின்றார்கள். சொன்னால் அவர்கள் கதி. சொல்லாவிட்டால் அத்தை. அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

மகள் குனிந்து கைப்பேசியை அப்பாவின் காதில் வைத்தாள். அவர் காதுமடல் அவள் விரலில் சில்லென்று பட்டது.

வார்த்தைகள் அவளுக்குப் பிடிபடவில்லை. அத்தையின் குரல் மட்டும் ஏறி இறங்கியது. முதலில் திட்டுகிற மாதிரி இருந்தது. நடுவில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு சத்தமே இல்லை. முடிந்துவிட்டதா என்று தெரியாமல் கை கடுக்கக் கடுக்க அவள் பிடித்துக்கொண்டே நின்றாள். கடைசியில் தன் காதுக்கு எடுத்தாள்.

“கேட்டானாம்மா?”

“கேட்டாரு அத்தை.”

“முகத்துல ஏதாச்சும் தெரிஞ்சுதா? சின்ன வயசுல நான் திட்டினா உதட்டைச் சுழிப்பான்.”

மகள் அந்த முகத்தைப் பார்த்தாள்.

“சுழிச்சாரு.”

“அது போதும் எனக்கு” என்றாள் அத்தை. போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கூட்டாளியிடமிருந்து செய்தி வந்தது. ‘முடிஞ்சுது. இனிமே சொல்லலாம்.’ மகள் அதை அம்மாவிடம் காட்டினாள். அம்மா கைக்குட்டையை வாயிலிருந்து உருவி எறிந்துவிட்டு அலறினாள். நடையில் நின்றவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள்.

மகள் ஜன்னலோரம் ஒதுங்கி நின்று அத்தையின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அத்தை.

“என்னம்மா,” என்றாள், இத்தனை வருஷத்தில் கேட்டிராத ஒரு குதூகலத்தோடு. “பதில் ஏதாச்சும் சொன்னானா?”