அடுத்தவர் பரண்

ஸ்லேட் க்ரீக் காடு அரசாங்கத்துக்குச் சொந்தம், அதாவது எல்லோருக்கும் சொந்தம். மான் வேட்டை சீசனுக்கு அங்கே மரத்தில் உட்கார்ந்து சுடப் பரண் கட்டலாம். பரணில் பெயரும் முகவரியும் எழுதியிருக்க வேண்டும். மார்ச் பிறப்பதற்குள் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும். ஆளில்லாத பரணில் யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம், பொதுநிலத்தில் யாருக்கும் தனி உரிமை கிடையாது. சட்டம் இவ்வளவுதான். ஆனால் வடக்கு மிச்சிகனில் இந்தச் சட்டத்தை நம்பி மரமேறுகிறவன் தெற்கேயிருந்து வந்த ஆளாகத்தான் இருப்பான்.

ஊர்க்காரர்களின் வழக்கம் வேறு. ஒருவருடைய பரண் நிற்கும்வரை அந்த இடம் அவருடையது. கூப்பிடு தூரத்தில் இன்னொருவர் கட்டமாட்டார். அடுத்தவர் பரணில் ஏறுவது, அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து அவர் தட்டில் சாப்பிடுவதுபோல. குடித்துவிட்டுச் சர்ச் வேலியில் வண்டியை மோதியவனையெல்லாம் மன்னித்த ஊர் அது. பரணில் ஏறியவனை இருபது வருஷம் கழித்தும் பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கும்.

ரெய்னோ சல்மேலாவின் பரண் ஓடைக்கு மேலே ஒரு மேப்பிள் மரத்தில், பதினெட்டு அடி உயரத்தில் இருந்தது. மான்கள் ஓடையைக் கடக்கிற துறை அது. காட்டிலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது என்பதை ஊரே ஒப்புக்கொள்ளும், அவர் இல்லாத இடத்தில். பத்து வருஷமாக அவர் அந்தப் பரணை இறக்கவேயில்லை. கேட்டால் முட்டி வலி என்பார். முட்டி வலி உண்மைதான். ஒரே ஒரு மார்ச்சில் இறக்கினாலும் செப்டம்பரில் வேறு யாராவது அந்த மரத்தைப் பிடித்துவிடுவார்கள் என்கிற பயம் அதைவிட உண்மை.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட்டுடன் காட்டுக்குப் போனார். பரணின் அடிப்பலகையில் பெயரும் முகவரியும் மங்கியிருந்தன. ஏணியில் முக்கால்வாசி ஏறிக் கையை நீட்டி, பளிச்சென்று எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பரணை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த நைலான் பட்டையைப் பார்த்தார். அணில் கொறித்திருந்தது. பத்து வருஷ வெயிலும் பனியும் தின்ற மிச்சத்தைத்தான் அணில் தின்றிருந்தது. விரலால் இழுத்ததும் நூல்நூலாகக் கையோடு வந்தது. மேலே ஏறாமல் இறங்கிவிட்டார்.

கெட்டுப்போன பரணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஏணியின் கீழ்த்துண்டைக் கழற்றி மரத்தடியில் படுக்க வைக்க வேண்டும். ஏறாதே என்று அதற்கு அர்த்தம். இரண்டு திருகாணி, ஐந்து நிமிட வேலை, திருப்புளி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. ஆனால் ஏணி கழன்ற பரணைப் பார்த்தால், ‘கிழவன் கைவிட்டுட்டான் போல’ என்று நாலே நாளில் பக்கத்து மரத்தில் புதுப் பரண் முளைத்துவிடும். அப்படி இரண்டு பேருடைய இடம் போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். சொல்லப்போனால் அதில் ஒரு இடத்தைப் பிடித்ததே அவர்தான். ஏணி அப்படியே நிற்கட்டும், சீசனுக்குள் பட்டையை மாற்றிவிடலாம், அதுவரை யார் ஏறப்போகிறார்கள், எல்லோரும் நம் ஊர்க்காரர்கள்தானே என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி மார்லிஸ் டவுனுக்குப் போன அன்று புதுப் பட்டை வாங்கிவந்து கொடுத்தாள். அது ஏழு வாரம் அவருடைய பிக்கப் வண்டியின் முன்சீட்டில் கிடந்தது. மாவட்டச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர் அவர். அந்த வருஷம் அக்டோபரிலேயே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. நேரமில்லை என்று சொல்லிக்கொள்ள அது வசதியாகப் போயிற்று.

நவம்பர் பதினைந்து, சீசன் திறக்கும் நாள். விடியுமுன்பே காட்டுக்குப் போன ரெய்னோ தன் பரணுக்குப் போகவில்லை. அரை மைல் தள்ளி ஒரு வெட்டுமரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பரண் தன் எடையைத் தாங்காது என்று அவருக்குத் தெரியும். இதைத்தான் பிறகு அவரால் எந்தப் பக்கம் புரட்டியும் மறைக்க முடியவில்லை.

மதியம் மூன்று மணிக்கு ஓடைப்பக்கம் நடந்தபோது மேப்பிள் மரத்தடியில் வேட்டைக்காரர்கள் போடுகிற சட்டையின் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. டுவைட் டெர்வோ மல்லாந்து கிடந்தான். மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்க்கிறவன், முப்பத்தைந்து வயது. பரண் அவன் கால்மேல் கவிழ்ந்திருந்தது. முகத்தில் விழுந்த பனி உருகவில்லை. ரெய்னோ கையுறையைக் கழற்றி அவன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார், வைப்பதற்கு முன்பே தெரிந்ததுதான். அவர் கண்ணுக்கு நேராக, கவிழ்ந்த பலகையில் அவருடைய பெயர் வெள்ளை வெளேரென்று இருந்தது.

போலீஸ்காரர் வந்தார், வயதில் சின்னவர், அவரும் மான்வேட்டைக்காரர். அவர் கேட்ட முதல் கேள்வி, பரணில் ஏறிக்கொள்ளச் சொல்லி நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா என்பது. இல்லை என்றார் ரெய்னோ. ‘உரிமையாளர் அனுமதியின்றி’ என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். விழாமல் மரத்தோடு மாட்டிக்கொள்கிற இடுப்பு வாரும் மாட்டவில்லை என்று அடுத்த வரியில் எழுதினார். ரெய்னோ தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டை கொஞ்சம் பழசு என்றார். காட்டில் யார் பட்டைதான் புதுசு என்று சொல்லிவிட்டு, போலீஸ்காரர் நோட்டை மூடிவிட்டார். மூடிய நோட்டைத் திறக்கச் சொல்ல ரெய்னோவுக்கு வாய் வரவில்லை.

நாலு நாள் சோறு தண்ணி இறங்கவில்லை அவருக்கு. ஐந்தாம் நாள் ஆர்னி பெல்டோவிடம் சொன்னார். ஆர்னி அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பர். ஊர்ப் பிள்ளைகளுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவரும் அவர்தான். பெட்ரோல் பங்க் காபிக் கடையில், ஜன்னலோர மேசையில், செப்டம்பரில் பட்டையைப் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் ரெய்னோ ஒன்றுவிடாமல் கொட்டினார். ஆர்னி காபியைக் கலக்கிக்கொண்டே கேட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“இதை என்கிட்ட சொன்னதோட விடு. நீயாடா அவனை ஏறச் சொன்னே? உன் பரண், நீ நல்லா வச்சுப்பே, நாசமா வச்சுப்பே, அது உன் பாடு. அவன் அங்க ஏறினது யார் தப்பு? வாயைத் திறந்தேன்னு வை, வக்கீல் வந்து வீட்டைப் புடுங்கிட்டுப் போயிடுவான். மார்லிஸை எங்க கொண்டுபோய் வைப்பே?”

ரெய்னோவுக்கு அழுகை முட்டியது. அது நிம்மதியில் வந்த அழுகை என்று தெரிந்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடக்கத்துக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். சர்ச் வாசலில் ஆளாளுக்கு அவர் தோளைத் தட்டினார்கள். பாவம், சீசனே இப்படி ஆகிப்போச்சே உனக்கு என்றார் ஒருவர். அவன் அப்பா இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்கமாட்டான் என்றார் இன்னொருவர். செத்தவன் பெட்டிக்குள் கிடக்க, துக்கம் விசாரிப்பெல்லாம் இவருக்கு நடந்தது. கல்லை விட்டெறிந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். முதல் பெஞ்சில் டுவைட்டின் மனைவி கார்லீன் பதினோரு வயது மகள் ஐவியின் கையைப் பிடித்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். துக்கத்தில் தலை குனிந்திருக்கிறாள் என்றுதான் அவர் அப்போது நினைத்தார்.

கார்லீனிடமாவது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். சட்டம் வேண்டாம், ஊர் வேண்டாம், அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும். பனி தள்ளும் வண்டியில் தனியாகப் போகும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பட்டை இற்றுப்போனது எனக்குத் தெரியும். ஏணியைக் கழற்றாமல் விட்டேன். இடம் போய்விடும் என்று விட்டேன். மூன்றே வாக்கியம். இரண்டு முறை அவள் வீட்டுவரை போனார். முதல் தடவை வாசலில் யாரோ காரை நிறுத்தியிருந்தார்கள். இரண்டாம் தடவை யாரும் இல்லை. அவள் வாசல் பாதையில் கிடந்த பனியைச் சுத்தமாகத் தள்ளிக் கொடுத்துவிட்டு, வண்டியை விட்டு இறங்காமலே திரும்பி வந்துவிட்டார்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு கார்லீனே வந்தாள். கையில் துணி சுற்றிய ஏலக்காய் ரொட்டி. மார்லிஸ் அவளைச் சமையலறை மேசையில் உட்காரவைத்துக் காபி ஊற்றினாள். யாரோ சொல்லிவிட்டார்கள், தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார் ரெய்னோ. அப்படியே இருக்கட்டும் என்றும் நினைத்தார். கார்லீன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“முன்னாடியே வந்திருக்கணும், மிஸ்டர் சல்மேலா. முகம் இல்லாமத்தான் வரலை. டுவைட் செஞ்சது தப்பு. அடுத்தவங்க பரண்ல ஏறக்கூடாதுன்னு தெரியாம வளந்த ஆள் இல்ல அவரு. உங்க பரணும் போச்சு, இந்த வருஷ வேட்டையும் போச்சு. அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்.”

போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். சீசன் திறந்த அன்று காலை பத்து மணிக்கு டுவைட் அவளுக்கு அனுப்பிய செய்தி. தன் இடத்தில் வெளியூர்க்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், சல்மேலா பரண் காலியாக இருக்கிறது, அவர் வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன், வந்ததும் இறங்கி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தது. கண்ணாடி இல்லாமலே ரெய்னோவால் அதைப் படிக்க முடிந்தது.

இதோ இப்போது சொல்லலாம். மூன்று வாக்கியமும் நாக்கின் நுனியில்தான் இருந்தன. அவள் அழுது சிவந்த கண்ணோடு பதிலுக்குக் காத்திருந்தாள். அந்தப் பதில் கிடைத்தால்தான் எழுந்து நடக்க முடியும் என்பதுபோல அவள் பார்த்தாள்.

“அதெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா,” என்றார் ரெய்னோ. “நான் ஒண்ணும் தப்பா நினைக்கலை.”

அவர் மன்னித்துவிட்டார். அடுப்புப் பக்கம் நின்ற மார்லிஸ் காபிக் கெட்டிலை ஓசை வராமல் கீழே வைத்தாள். புதுப் பட்டை வாங்கிவந்தவள் அவள்.

கார்லீன் உடனே எழுந்துகொள்ளவில்லை. இன்னொன்று கேட்கவேண்டும் என்றாள். கேட்க வெட்கமாக இருக்கிறது என்றாள். ஐவி இந்த வருஷம் ஆர்னியின் வகுப்புக்குப் போகிறாளாம். போன வாரம் ஆர்னி பரண் மரியாதை பற்றிப் பாடம் நடத்தினாராம். பெயர் எதுவும் சொல்லவில்லை, நல்ல மனுஷர், ஆனாலும் அண்மையில் நம் ஊரில் நடந்ததைப் பாருங்கள் என்று சொன்னாராம். இருபது பிள்ளைகளும் திரும்பி ஐவியைப் பார்த்தார்களாம். அப்பாவின் ஆரஞ்சுத் தொப்பியை எடுத்து அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டாள், அப்பாவின் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள் என்றாள் கார்லீன்.

“நீங்கதான் அவரை உட்காரச் சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மிஸ்டர் சல்மேலா. ஏதோ முன்னாடி எப்பவோ சொல்லியிருந்தீங்க, மறந்துபோச்சுன்னு. ஆர்னிகிட்ட சொன்னா போதும், ஊருக்கே போயிடும். வேற எதுவும் வேணாம் எனக்கு. அவ அவங்கப்பாவைப் பார்த்து வெட்கப்படாம இருக்கணும், அவ்ளோதான்.”

அவள் கேட்பது பொய். ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னால் அடுத்த நிமிஷமே உண்மை பின்னால் வந்து நிற்கும். அனுமதி கொடுத்தாயா? அப்படியானால் பரண் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தானே கொடுத்திருப்பாய்? இவ்வளவு நாள் அவர் தோளைத் தட்டிய கைகள் அத்தனையும் விலகும். வக்கீல் வருவான். வீடு போகலாம். அத்தனையும் தனக்குச் சேரவேண்டியதுதான் என்று இத்தனை நாளாக ராப்பகலாகச் சொல்லிக்கொண்டவர் அவர்தான். ஒரே ஒரு ‘சரி’ போதும். மூன்று வாக்கியம்கூட வேண்டாம்.

“ரெய்னோ,” என்றாள் மார்லிஸ்.

அவர் மேசைவிரிப்பில் இருந்த ரொட்டித் துணுக்கை விரலால் ஒதுக்கினார்.

“போலீஸ்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டேனேம்மா,” என்றார். “இப்ப வந்து நடக்காததை நடந்துச்சுன்னு எப்படிச் சொல்றது? ஐவிக்காக எது வேணாலும் செய்யறேன். பொய் மட்டும் என்னால சொல்ல முடியாது.”

கார்லீனின் முகம் சிவந்தது. அவசரமாக எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். உங்களைப் போன்ற நேர்மையான மனுஷரிடம் போய் இதைக் கேட்டிருக்கவே கூடாது என்றாள். ரொட்டியை இன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், நாளைக்குக் காய்ந்துவிடும் என்றாள். கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் நின்று, கேட்டதற்கும் சேர்த்து ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்கினாள்.