நடுவில் ஐந்து எழுத்துகள்

எங்கள் மழலையர் பள்ளியில் ஆங்கில எழுத்துகளை ஏ, பி, சி என்ற வரிசையில் எழுதக் கற்பிப்பதில்லை. நிற்கும் கோடும் படுக்கும் கோடும் முதலில் வரும். அவற்றால் அமையும் எல், ஐ, எச் போன்ற எழுத்துகளைப் பிள்ளைகள் ஐஸ் குச்சிகளைப் பலகையில் அடுக்கிப் பழகுவார்கள். தை மாதத்தில் சாய்கோடு. அதற்கும் பின்னரே வளைவு. எஸ், எல்லாவற்றிலும் கடைசி. இரு புறமும் வளையும் அந்த எழுத்துக்குப் பிஞ்சு விரல்கள் பங்குனி வரை பழக வேண்டும் என்பது எங்கள் தலைமையாசிரியை அவர்கள் வகுத்த முறை. ஒன்பது ஆண்டுகளில் அதை நான் ஒருமுறையும் மீறியதில்லை.

மார்கழி பிறந்த மறுநாள், நான்கு வயது துர்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், எஸ் எப்போ சொல்லித் தருவீங்க?"

"இன்னும் நாள் இருக்குதும்மா. எதுக்கு?"

"எங்கப்பா கையில இருக்குது. அது எங்கம்மா."

அவள் தந்தை லோகேஷ் சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர். அவருடைய முன்கையில் பச்சை குத்திய ஓர் எஸ் உண்டு. மனைவி சங்கரியின் பெயரில் முதலெழுத்து. சங்கரி ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறார். ஆனி மாதத்தில் மகளை எங்களிடம் சேர்த்தபோது அவரை ஒரே ஒருமுறை சந்தித்தேன். "அழுதா எனக்குப் போன் பண்ணாதீங்க மிஸ், நானும் அழுதுடுவேன். கொஞ்சம் தூக்கி வெச்சிக்கோங்க, போதும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். பொங்கலுக்கு வருவதாக இருந்தார்.

"அம்மா வந்தவுடனே போட்டுக் காட்டணும் மிஸ்" என்றாள் துர்கா.

அனுமதி கேட்கலாம் என்று தலைமையாசிரியை அவர்களின் அறை வாசல் வரை இருமுறை சென்றேன். இருமுறையும் வருகைப் பதிவேட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன். பிறகு, லோகேஷிடம்தான் கேட்டேன். குச்சி வளையாது, தறியில் வெட்டிப்போடும் பட்டு நூல் கொஞ்சம் கிடைத்தால் நன்றாக இருக்கும், கஞ்சியில் தோய்த்து வளைத்தால் காய்ந்த பின் அப்படியே நிற்கும் என்று தயங்கியபடி சொன்னேன்.

"தறியில ஏத்துற பாவு நூலுக்குக் கஞ்சி போடுறாப்பலயா மிஸ்? நூலுக்கென்ன, வீடெல்லாம் அதான் சுத்திக்கினு இருக்குது" என்று சிரித்தார். மறுநாளே அரக்கு நிற நூல் வந்தது.

மற்ற பிள்ளைகள் மதியம் உறங்கும் வேளையில், நானும் துர்காவும் மூலையில் அமர்ந்தோம். ஆறு நாட்கள் அவள் வைத்த எஸ் இடம்வலம் மாறியே விழுந்தது. ஏழாம் நாள் அது சரியான பக்கம் திரும்பியது. அதே நேரம் ஜான்சன் கண் விழித்துவிட்டான்.

"மிஸ், பாம்பு!"

"போடா, அது எங்கம்மா!"

வகுப்பு முழுவதும் எழுந்துகொண்டது. தலைமையாசிரியை அவர்களும் வந்துவிட்டார்கள்.

"என்ன மிஸ் இது? மார்கழியிலேயே வளைவுக்குப் போயிட்டீங்க?"

"மன்னிக்கணும் மேடம். ஒரே ஒரு எழுத்துதான்."

அவர்கள் குனிந்து பலகையைச் சற்று நேரம் பார்த்தார்கள். "திருப்பிப் போடாம சரியா வெச்சிருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சென்றார்கள்.

போகிக்கு முந்தைய நாள், பள்ளி விடும் நேரம். காய்ந்து விறைத்த எஸ்ஸைப் பலகையோடு மடியில் வைத்துக்கொண்டு துர்கா வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வோர் ஆட்டோ சத்தத்துக்கும் அவள் எழுந்தாள். நானும் எழுந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பத்து நிமிடமே பார்த்த அந்த முகத்தை மீண்டும் பார்க்க நான் ஏன் அவ்வளவு ஏங்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

லோகேஷ் தனியாக வந்தார்.

"கடைசி நேரத்துல லீவு இல்லைன்னுட்டாங்களாம் மிஸ். இனி சித்திரைக்குத்தான் வரும் போல இருக்குது. வழியெல்லாம் இவகிட்ட எப்படி சொல்றதுன்னு யோசிச்சிக்கினே வந்தேன்."

துர்கா அழவில்லை. மடியிலிருந்த நூலைத் தொட்டுப் பார்த்தாள்.

"மிஸ், எங்கம்மா பேரு இதோட முடிஞ்சிடுதா?"

"இல்லம்மா. இன்னும் ஆறு எழுத்து இருக்குது. கடைசி எழுத்து ஐ. அது உனக்குத் தெரியுமே."

அவள் உள்ளே ஓடி ஒரு குச்சியை எடுத்து வந்தாள். பலகையைத் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் வைத்தாள். நடந்து சென்று மறு கோடியில் குச்சியை நிற்கும் கோடாக வைத்தாள்.

"நடுவுல எத்தனை மிஸ்?"

"அஞ்சு."

அவள் இரண்டுக்கும் இடையிலிருந்த வெறுந்தரையைப் பார்த்தாள். பிறகு, அதன் மேல் நின்றிருந்த தந்தையின் கால்களைப் பார்த்தாள்.

"தள்ளிக்கோப்பா. மத்ததெல்லாம் அங்கதான் வரும்."

லோகேஷ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றார்.