ஆளுக்கு ஒரு கல்

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்து, கல்லாகிப்போன கிளிஞ்சல்களின் முதுகிலிருந்த பட்டியல் எண்களைத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார் மேடம். கல்லூரி ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில் வருடக்கணக்காகத் தூங்கியவை அவை. நாளைக் காலை ஆய்வுக் குழு வருகிறது. நிலவியலைக் கையால் கற்றுக்கொடுக்கிறார்களா, வெறும் வாயால்தானா என்று களத்துக்கே வந்து பார்க்கப்போகிறார்களாம். பிடித்துப்போனால் துறை பிழைக்கும், தற்காலிக விரிவுரையாளரான மேடத்தின் வேலையும் நிரந்தரமாகும். இல்லையென்றால் இரண்டுக்கும் சேர்த்து மூடுவிழா.

ஆனால் களப்பயிற்சிக்குப் போகும் குன்றில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு மண்ணும் இல்லை. "ஆளுக்கு ஒரு கல், அதுக்கு மேல எடுக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் ஒவ்வொரு வகுப்பையும் கூட்டிப்போனார்கள். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். இவர்கள் படித்தே தீர்த்துவிட்டார்கள். கிளிஞ்சல் அடுக்கு இருந்த இடத்தில் இப்போது வெறும் பள்ளம். முதல்வரோ கையைக் கழுவிவிட்டார். "எப்படியாவது காட்டுங்க மேடம். எப்படின்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க."

பொழுது சாயுமுன் மேடமும் ஆய்வக அட்டெண்டரும் போய், கிளிஞ்சல்களைப் பாறை இடுக்குகளில் செருகி ஈரமண் பூசினார்கள். "ஆமை முட்டை பொதைச்ச மாதிரி இருக்கு மேடம்" என்றார் அட்டெண்டர். மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் குன்றில் முதல் கல்லை எடுத்தது சுண்டெலி. எந்தப் பொந்திலும் தலையை விடுகிறாள் என்று வகுப்பு வைத்த பெயர். மற்றவர்கள் மதிப்பெண்ணுக்காக வந்தவர்கள். இவள் ஒருத்திதான் கல்லுக்காக வந்தவள். மண்ணைத் துடைத்தாள், புரட்டினாள், அப்படியே நின்றாள். மேடம் எட்டிப் பார்த்தார். தேய்க்காமல் ஒன்று தப்பியிருக்கிறது. வெள்ளைப் பொட்டு, அதன்மேல் கறுப்பில் எண்.

"என்னம்மா கிடைச்சுது?" குழுத் தலைவர் அதற்குள் பின்னால் வந்துவிட்டார்.

சுண்டெலி எண்ணைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள். "கிளிஞ்சல் சார். இந்த அடுக்குலதான் பதிஞ்சிருந்துச்சு. ரெண்டு ஓடும் மூடியே இருக்கு பாருங்க. செத்த கையோட மண்ணு மூடியிருக்கணும், இல்லன்னா தனித்தனியா பிரிஞ்சிருக்கும்." குரலில் தடுமாற்றமே இல்லை. கல்லைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. இடம் மட்டும் பொய். இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல இவளுக்கு எப்போது தெரிந்தது? இப்போதுதான், இந்த நிமிடம், என் வகுப்பில் என்று நினைத்தபோது மேடத்துக்குத் தன்மேலேயே தூ என்றிருந்தது.

"சபாஷ்! கையால கத்துக்கிட்ட பொண்ணு இப்படித்தான் பேசும்." தலைவர் மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை நிரந்தரமாகிவிட்டது.

பேருந்தில் ஏறும்போது சுண்டெலி கல்லை மேடத்தின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "சீனியர்ஸ் எடுத்ததெல்லாம்கூட நீங்க வச்சதுதானா மேடம்?"

"ஐயோ, சத்தியமா இல்லம்மா. அதெல்லாம் நிஜம்."

"சரி மேடம்."

வழியில், சாலைக்காக வெட்டிய பாறைச்சுவர் வந்தது. சுருட்டிய பாய் போல அடுக்கடுக்காக வளைந்து கிடந்த பாறை. எந்த மனிதக் கையும் கொண்டுவந்து வைக்க முடியாதது. மேடம் எழுந்து, "அங்க பாருங்க, அங்க பாருங்க!" என்று கத்தினார். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. மொத்த வகுப்பும் ஜன்னல்களில் போய் விழுந்தது. சுண்டெலி மட்டும் இருக்கையை விட்டு நகராமல், மேடம் நீட்டிய விரலையும் அதற்குப் பின்னாலிருந்த முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.