ஐஸ் பட்ட கை

எனக்குக் கோவம் பொசுக்குனு வந்துரும். அது இந்த ராயபுரத்துக்கே தெரியும், அந்த மெஷினுக்குத்தான் தெரில.

எங்க எறா கம்பெனில ஒரு பொட்டி எறாவைக் காணோம். குளிர் ரூமுக்கு மூணு சாவி. ஒண்ணு எங்கையில, ஒண்ணு என் தோஸ்து மங்கை கையில, ஒண்ணு மொதலாளி புள்ள விமல் கையில. விமல் தம்பி இன்னா பண்ணுச்சு? பொய் கண்டுபிடிக்கிற மெஷினோட ஒருத்தரக் கூட்டியாந்துச்சு. மாட்டுறவ வேலைய வுட்டுப் போவணுமாம்.

காலைல வந்ததும் வராததுமா என்னைய ஏசி ரூம்ல குந்த வச்சு, விரல்ல கிளிப்பு மாட்டுனாரு அந்த ஆளு.

"பவானிம்மா, பொட்டிய எடுத்தீங்களா?"

"அய்ய, இல்ல சார்!" கோவம் பொசுக்குனு ஏறுச்சு. டிவிப் பொட்டில கோடு எகிறிக் குதிச்சிது.

"பொய்யி" ன்னாரு. பதினாலு வருசமா எறா உரிச்சிகினு கீறேன், ஒரு எறாத் தலை கூட வூட்டுக்கு எடுத்துனு போனதில்ல. அழுவ வந்துச்சு, அடிக்கவும் தோணுச்சு.

அடுத்து மங்கை. ஐஸ் தொட்டில கைய வுட்டு எறா அலசிகினு இருந்தவ, நேரா எழுந்து வந்தா. துண்டுல கைய தொடச்சிட்டு குந்துனா. "எடுக்கல சார்" னு அவ சொல்ல, கோடு படுத்துகினு கெடந்துச்சு. எனக்குப் பளிச்சுனு வெளங்கிடுச்சு.

"ஏ மங்கை, 'நான்தான் கலெக்டரு'ன்னு சொல்லு."

சொன்னா. கோடு அசையல. "நெஜம்" னாரு மெஷின்காரரு, நெத்தியத் தொடச்சிகினு.

நான் ஓடிப்போயி, தொட்டில கால் மணி நேரம் கைய வுட்டுட்டு வந்து குந்துனேன். விரலு மரத்துப் போச்சு.

"நான் எடுக்கல." நெஜம்.

"நான்தான் எடுத்தேன்." அதுவும் நெஜம்!

உரிக்கிற பொம்பளைங்க எல்லாம் வாசல்ல நின்னு சிரிக்கிறாளுங்கோ. "தம்பி, மூணாவது சாவி உன்னாண்டதான கீது, நீ குந்து" ன்னேன். வெறைப்பா குந்துச்சு. ஐஸ தொடாத கை.

"எடுத்தீங்களா சார்?"

"இல்ல."

கோடு கூரைக்குத் தாவுச்சு. தம்பிக்கு மூஞ்சி செவந்து, கண்ணு கலங்கிடுச்சு. "நான் எடுக்கல, சத்தியமா எடுக்கல" ன்னுச்சு. பொம்பளைங்க ஓன்னு கத்துனாளுங்கோ. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. காலைல அதே நாக்காலில நானும் அப்டித்தான சொன்னேன்.

கிளிப்பைக் கயட்டி வுட்டேன். "தெரியும் தம்பி. நீ எடுக்கல" ன்னேன்.

தம்பி என்னைய நிமிந்து பாக்கல. மெஷின்காரர வண்டியேத்தி வுட்டுட்டு, "வேலையப் பாருங்கக்கா" ன்னுச்சு.