மேடையில் வழங்கப்படும்

விசா வந்துவிட்டது என்ற செய்தி போனில் வந்தபோது மூத்தவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து படித்தாள். 'வாழ்த்துகள்! தங்கள் பாஸ்போர்ட் விசாவுடன் எங்கள் அலுவலகம் வந்து சேர்ந்தது. விழா மேடையில் வழங்கப்படும்.' முதல் இரண்டு வரிக்குக் குதித்தவள் மூன்றாவது வரியில் நின்றாள். என்ன விழா? எவன் கேட்டான் மேடை?

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு விசா விண்ணப்பம் நிரப்பித் தருவதுதான் அந்த அலுவலகத்தின் தொழில். பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கட்டம் கட்டமாக எழுதுகிற வேலை. ஆனால் அதை நடத்துகிறவர் தன் விசிட்டிங் கார்டில் 'உலகக் கல்வித் தூதர்' என்று போட்டிருந்தார். எந்த நாடு அவரை அனுப்பியது, எந்த நாடு ஏற்றுக்கொண்டது என்ற விவரம் கார்டில் இல்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்திலும் கோட்டைக் கழற்ற மாட்டார். மூத்தவளின் அம்மா அவருக்கு வைத்த பெயர் கோட்டுக்காரன். அப்பாவுக்கு மட்டும் அவர் 'சார்'.

கல்லூரியைத் தேடியதும், பரீட்சை எழுதியதும், உதவித்தொகை வாங்கியதும் மூத்தவள்தான். கடைசியில் விசாவுக்கு மட்டும், "நாமளே பண்ணி ஏதாவது தப்பாயிட்டா?" என்று அப்பா பயந்ததால் அங்கே போனார்கள். பாஸ்போர்ட் திரும்பி வரவேண்டிய முகவரி என்ற கட்டத்தில் கோட்டுக்காரர் தன் அலுவலகத்தின் முகவரியை எழுதினார். "சேஃப்டிக்கு" என்றார். யாருடைய சேஃப்டிக்கு என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையிலேயே அப்பாவும் மகளும் போய் நின்றார்கள். கோட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பனி பெய்துகொண்டிருந்தது. படம்தான்.

"பாஸ்போர்ட்டக் குடுத்தீங்கன்னா கிளம்பிடுவோம் சார்" என்றாள் மூத்தவள்.

"அது எங்கம்மா போயிடப் போகுது? லாக்கர்ல நிம்மதியாத் தூங்குது. ஆனா அது வெறும் புஸ்தகமா? இல்ல. அது ஒரு தருணம்." அவர் அப்பா பக்கம் திரும்பினார். பெற்றோர் யாராக இருந்தாலும் அவர் 'அப்பா', 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். "அப்பா, நீங்களே சொல்லுங்க. ஒரு தருணத்தக் கவர்ல போட்டு கவுன்டர்ல நீட்டலாமா?"

"நீட்டக் கூடாதுங்க சார்" என்றார் அப்பா.

படி இறங்கும்போது மூத்தவள் வெடித்தாள். "அவர் கேட்டா நீங்க ஏம்ப்பா பதில் சொல்றீங்க?"

"பெரிய மனுஷன் கேக்கறார், சும்மா நிக்கச் சொல்றியா? பதறாத. அஞ்சு நிமிஷ வேலை. மேடையில ஏறினோம், வாங்கினோம், வந்தோம்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, "பதறாதீங்க, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லியே வயதாகிவிட்டவர். அந்த அஞ்சு நிமிஷம் சில நாள் மதியச் சாப்பாட்டைத் தாண்டியும் ஓடும். உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான் அது தெரியும். அப்பா எப்போதும் வெளியே நின்றவர்.

விழா அந்த வாரம் நடக்கவில்லை. தலைமை விருந்தினருக்குத் தேதி ஒத்துவரவில்லையாம். அடுத்த வாரமும் நடக்கவில்லை. அவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். மூத்தவள் தினமும் அலுவலகத்துக்குப் போனாள். ரிசப்ஷனில் இருந்த பெண் தினமும் சாக்லேட் நீட்டினாள். "உன் பொருள உன்கிட்டக் குடுக்க ஊர்ல ஒருத்தனுக்குத் தொண்டை சரியாகணுமா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "போலீஸ்ல போய்ச் சொல்லுடி!" அப்பா நடுங்கிப்போனார். சாரிடம் முறைத்துக்கொண்டால் நாளைக்கு அங்கே போய் ஏதாவது ஒன்று என்றால் யார் இருக்கிறார்கள் என்றார். அங்கே ஏதாவது ஒன்று என்றால் இந்தக் கோட்டுக்காரர் எந்த விமானத்தில் ஏறி வந்து காப்பாற்றுவார் என்று மூத்தவள் கேட்டாள்.

கடைசியில் விழா நிச்சயமானது. அது மூத்தவளின் டிக்கெட் நாள். விமானம் சாயங்காலம். அதை விட்டால் கல்லூரியில் பெயர் பதிவு செய்யும் கெடு முடிந்துவிடும். இடம் காத்திருப்பில் இருக்கிற வேறொருவருக்குப் போய்விடும், உதவித்தொகையும் அதோடு போகும். இதைச் சொன்னதும் கோட்டுக்காரர் கை தட்டினார். "சூப்பர்! மேடையிலேர்ந்து நேரா ஃபிளைட்! இதத்தாம்மா நான் இன்ஸ்பிரேஷன்னு சொல்றேன்."

ஆக, பெட்டிகளோடு வாடகைக் கார் பிடித்து ஹோட்டல் வாசலில் நிறுத்தினார்கள். டிரைவரை நம்பிப் பெட்டியை விட முடியாது என்று அம்மா காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்பாவும் மகளும் மாடியில் இருந்த ஹாலுக்குப் போனார்கள்.

வாசலிலேயே ஒருவர் மூத்தவளுக்கு ஒரு கோட்டை மாட்டிவிட்டார். மேடை ஏறும் மாணவர்கள் எல்லோருக்கும் வாடகைக் கோட்டு. எல்லாம் ஒரே அளவு. முன்பக்கம் தூதரக அதிகாரி மாதிரி இருந்தது. முதுகுப்பக்கம் துணி உலர்த்தும் கிளிப் போட்டு இறுக்கியிருந்தது. போட்டோவில் முதுகு விழாது அல்லவா.

மேடையில் அட்டையில் செய்த விமானம் ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பேனரில் கோட்டுக்காரரின் முகம் பூமி உருண்டையை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. மாணவர்களின் முகங்கள் கீழே, பட்டாணி அளவில்.

தலைமை விருந்தினர் ஒரு மெத்தைக் கம்பெனி அதிபர். வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. வந்த பிறகு பேச்சை நிறுத்தவில்லை. "இளைஞர்களே, கனவு காண்பது சுலபமில்லை. அதற்கு முதலில் முதுகெலும்பு நேராக இருக்கணும். முதுகெலும்பு நேராக இருக்கணும்னா..." என்று தொடங்கி, ஸ்பிரிங் மெத்தைக்கும் பஞ்சு மெத்தைக்கும் உள்ள வித்தியாசத்தில் வெகுநேரம் புரண்டுகொண்டிருந்தார்.

மூத்தவளின் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"என்னடி, குடுத்தானா?"

"மெத்தை பேசுதும்மா."

"என்னது?"

"வெச்சிடு. வரேன்."

ஒருவழியாகப் பெயர் கூப்பிட்டார்கள். மூத்தவள் மேடை ஏறியதும் கோட்டுக்காரர் மைக்கில் முழங்கினார். "ஒரு சாதாரண லிஃப்ட் மெக்கானிக்கின் மகள்! இன்று கடல் கடந்து நீர் விஞ்ஞானம் படிக்கப் போகிறாள்! இந்த விதையை ஊன்றியது யார் என்று நான் சொல்ல விரும்பவில்லை..."

"சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ற படிப்பு சார்" என்றாள் மூத்தவள், மைக்குக்குக் கேட்கும்படி. கூட்டம் சிரித்தது. கோட்டுக்காரரும் சிரித்தார், பல் மட்டும்.

மெத்தை அதிபர் தங்க நிறக் கவரை நீட்டினார். போட்டோக்காரர், "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்றார். மூத்தவள் அங்கே பார்க்கவில்லை. கையில் வாங்கிய கவரின் கனத்தைப் பார்த்தாள். கனமே இல்லை. பிரித்தாள். உள்ளே வழவழப்பான அட்டை ஒன்று இருந்தது. அதில் கோட்டுக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"பாஸ்போர்ட் எங்க?"

"எறங்கும்மா, அடுத்தவங்க நிக்கறாங்க."

"எங்க சார் என் பாஸ்போர்ட்?"

கோட்டுக்காரர் அவள் காதருகே குனிந்தார். "இது ஒரு அடையாளத்துக்கும்மா. ஒரிஜினல் மேனேஜர் பையில இருக்கு. சாப்பாட்டு ஹால் வாசல்ல வாங்கிக்கலாம். இப்பவே குடுத்துட்டா ஒருத்தனாவது உக்காருவானா? ஹால் காலியாயிடும். சீஃப் கெஸ்ட் சாருக்கு இன்னும் அரை மணி நேரப் பேச்சு பாக்கி இருக்கு."

ரகசியம்தான். ஆனால் அவர் சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக்குக்கு ரகசியம் காக்கத் தெரியவில்லை. கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது. முன்னால் கவர் வாங்கியிருந்தவர்கள் எல்லாம் கிழிக்கத் தொடங்கினார்கள். ஹால் முழுக்கக் கட்டை விரல்.

மூத்தவள் நடந்து போய், மேடை நடுவே மெத்தை அதிபருக்கென்று போட்டிருந்த பெரிய சோபாவில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா பண்றே? எந்திரி! அது சீஃப் கெஸ்ட் சீட்!"

"அடையாளத்துக்கு உக்காந்திருக்கேன் சார். ஒரிஜினல் சீட்ட அவருக்கு சாப்பாட்டு ஹால் வாசல்ல குடுத்துடுங்க."

கூட்டம் விசிலடித்தது. மூத்தவள் சிரிக்கவில்லை. நீளமாக இருந்த கோட்டுக் கைகளை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஏர்போர்ட்ல அடையாளமா கேப்பாங்க? இந்த அட்டைய நீட்டவா? நான் பரீட்சை எழுதினேன், நான் சீட் வாங்கினேன். நீங்க என் பேர எழுதினீங்க, அதுலயும் ஒரு தடவ தப்பா எழுதினீங்க. என் பொருள வெச்சுக்கிட்டு எனக்கே விழாவா? பையக் கொண்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் யாரும் இங்க உக்கார முடியாது."

"அப்பா!" கோட்டுக்காரர் கீழே பார்த்துக் கூப்பிட்டார். "சொல்லுங்கப்பா உங்க பொண்ணுக்கு!"

அப்பா எழுந்தார். வாயைத் திறந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள், மகளும்தான். அவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

மெத்தை அதிபர் நின்றுகொண்டே இருந்தார். முதுகெலும்பு நேராகத்தான் இருந்தது. கடைசியில் அவரே, "யோவ், அந்தப் பையக் குடுத்துத் தொலைய்யா, கால் வலிக்குது" என்றார். பை வந்தது. மூத்தவள் தன் பாஸ்போர்ட்டைத் திறந்து, விசா ஒட்டிய பக்கத்தைப் பார்த்து, பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகுதான் எழுந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் பையை மொய்த்தார்கள்.

"ஒரே ஒரு போட்டோ" என்று கெஞ்சினார் கோட்டுக்காரர்.

அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படி இறங்கினாள். கிளிப் தெரிந்தது.

கார் கிளம்பியது. பெட்டிகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டிருந்த அம்மா, நடந்ததை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டுவிட்டு, "நான் மேல வராம போயிட்டேனே" என்று அங்கலாய்த்தாள். பிறகு அப்பா முன்சீட்டிலிருந்து மெல்லத் திரும்பினார்.

"இருந்தாலும், சாருக்கு ஒரு போன் பண்ணி தேங்க்ஸ் சொல்லிடும்மா. பெரிய மனுஷன். மனசு கஷ்டப்பட்டிருப்பார்."

மூத்தவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடியும் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க எழுந்தீங்களேப்பா" என்றாள் அவள். "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது. அப்போது அவர் போன் அடித்தது. சார். அப்பா பழக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்தார். அந்தக் குரல் கார் முழுக்கக் கேட்டது.

"அப்பா, கோட்டு! உங்க பொண்ணு வாடகைக் கோட்டோட போயிடுச்சு! கடைக்காரன் இங்க வந்து நிக்கறான். வண்டியத் திருப்புங்க, ஒடனே திருப்புங்க!"

மூத்தவள் அப்போதுதான் குனிந்து பார்த்தாள். கோட்டு உடம்பில் இருந்தது. டிரைவர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். ஏர்போர்ட்டுக்கு இன்னும் பாதி வழி இருந்தது.

"பதறாதீங்க சார்" என்றார் அப்பா. லிஃப்ட் கதவுக்கு வெளியே நின்று பேசுகிற அந்தக் குரல். "அஞ்சு நிமிஷம்."

போனை அணைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிரைவரிடம் சொன்னார்: "நீங்க நேரா போங்க."

மூத்தவளின் கோபம் தீரவில்லை. ஆனால் முன்சீட்டுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, முதுகைத் திருப்பி உட்கார்ந்து, "இந்தக் கிளிப்பக் கழட்டி விடுங்கப்பா, குத்துது" என்றாள்.