மூன்றாவது ஆணி

வெர்னாவின் வீட்டுப் பரணில் குப்புறப் படுத்தபடி கைவிளக்கைக் கூரைச் சட்டத்தின் ஓரத்தில் அடித்தேன். சட்டத்தைச் சுவரோடு பிடித்திருந்த தகட்டுப் பட்டையில் இரண்டு ஆணிகள். அடுத்ததிலும் இரண்டு. பன்னிரண்டு சட்டங்கள் பார்த்தாயிற்று, எதிலும் மூன்றாவது கிடையாது. ஃப்ளோரிடாவின் ஆகஸ்ட் வெயிலில் பரண் அடுப்பாகக் கொதித்தது. எனக்கோ உள்ளங்கால் சில்லிட்டுவிட்டது.

வீடு காற்றைத் தாங்குமா என்று பார்த்துச் சான்று எழுதுவது என் பிழைப்பு. பட்டைக்கு மூன்று ஆணி இருந்தால் இன்சூரன்ஸ் கட்டணம் நன்றாகக் குறையும். இரண்டு என்றால் பட்டையே இல்லாத மாதிரிதான். கட்டணம் குறையாவிட்டால் வெர்னா இந்த வீட்டை விற்க வேண்டியதுதான். பக்கவாதத்தில் விழுந்துவிட்ட கணவர் ஆம்ப்ரோஸை வைத்துக்கொண்டு எங்கே போவாள்?

இவளுக்கு எதிர்வீட்டு டெல்மருக்கும் நான்தான் எழுதினேன். என்னோடு மீன்பிடிக்க வருகிறவன். அவன் வீட்டிலும் இரண்டு ஆணிதான். மூன்று என்று எழுதி, வேறொரு வீட்டில் எடுத்த போட்டோவைச் சேர்த்துக் கொடுத்தேன். கூட்டாளிக்குச் செய்கிற சின்ன உதவி என்றுதான் நினைத்தேன். அந்த முட்டாள், காற்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல அந்தக் காகிதத்தை நம்பிவிட்டான். போன செப்டம்பரில் புயலுக்குப் பயந்து தெருவே காரேறிப் போனபோது அவன் மட்டும் வீட்டிலேயே இருந்தான். கூரை கால்வாயில் கிடந்தது. அவனை இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தார்கள். புயலுக்குள்ளிருந்து அவன் வீட்டின்மேல் மட்டும் சுழல்காற்று இறங்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். முட்டாள் அவனில்லை.

ஏணியில் இறங்கினேன். சர்க்கரை தூக்கலாகப் போட்ட ஐஸ் டீயை வெர்னா நீட்டினாள்.

“தண்ணியில விழுந்த பூனை மாதிரி இருக்கே தம்பி. முதல்ல குடி.”

குடித்தேன். அவள் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த மளிகைச் சீட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டிருந்தாள். கையில் முதலை வடிவக் காந்தம்.

“நீ எழுதிக் குடுக்கறதை இங்கதான் ஒட்டப்போறேன். டெல்மரும் இப்படித்தான் ஒட்டியிருந்தான்.”

“அடுத்த புயலுக்கு எங்க போவீங்க அக்கா?”

“எங்கயும் போகல. போன தடவ இவரைப் பள்ளிக்கூடத் தரையில போட்டு வச்சு முதுகெல்லாம் புண்ணு. நீ எழுதிக் குடுத்துட்டா இங்கயே கெடப்போம்.”

“டெல்மரும் அப்படித்தானே இருந்தான்?”

“அவன் தலையில சுழல்காத்து இறங்கிடுச்சு. அதுக்கு எந்த ஆணி நிக்கும், பாவம்?” காந்தத்தைக் கதவில் ஒட்டிப் பார்த்துவிட்டு எடுத்தாள். பிறகு சிரித்தாள். “எனக்கு நீ மேல ஏறிப் பார்த்திருக்கவே வேணாம். அவன் வீடும் இதுவும் ஒரே மேஸ்திரி ஒரே மாசத்துல கட்டினது. அவனுக்கு மூணுன்னா எனக்கும் மூணுதானே?”

பேனாவைத் திறந்தேன். படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. மூன்று என்று போட்டால் இருவரும் இங்கேயே கிடப்பார்கள். இரண்டு என்று போட்டால் வீடு போகும். அதோடு, சொல்லாமலே எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும். எனக்குப் பயமாக இருந்தது. உண்மையில் இவளுக்காகப் பயந்ததைவிட எனக்காகத்தான் அதிகம் பயந்தேன்.

“ரெண்டுதான் அக்கா.”

“ரெண்டா? எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிரே டெல்மர் வீட்டின் வெறும் சிமெண்டுத் தளம், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைத் தண்ணீர்க் குழாய். அவள் உதடுகள் எதையோ எண்ணுவதுபோல மெல்ல அசைந்தன, பிறகு நின்றுவிட்டன.

உள்ளறையில் ஆம்ப்ரோஸ் தண்ணீர் கேட்டுக் கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். காந்தத்தைக் கையில் பிடித்தபடி வெர்னா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.