இந்துஜாவின் இடது கை

"அம்மா, லால் லைட் ஏன் வந்திச்சு?"

காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினில் சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டி மூன்றரை வயது மாதங்கி கேட்டாள். ஹெட்செட்டோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த இந்துஜா கண்ணைத் திருப்பவில்லை. இடது கையை மட்டும் உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினாள். பேசாதே என்று அர்த்தம். குழந்தை மறுபடி வாயைத் திறந்ததும் போனை அதன் கையில் திணித்தாள். டெல்லி கரோல் பாகில் இருந்த அந்த வீட்டில் இது தினமும் நாலைந்து முறை நடக்கும்.

அன்று ப்ளே ஸ்கூலிலிருந்து மெசேஜ் வந்தது. மாதங்கி ஒரே வாரத்தில் மூன்று பேரைக் கடித்துவிட்டாள். இன்னொரு தடவை கடித்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் இந்துஜா சண்டைக்கே போனாள்.

"வீட்ல சத்தமே போட மாட்டா. இங்கதான் எவளோ கத்துக் குடுத்திருக்கா!"

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஷ்ருதிதான் டீச்சர்; அக்கா என்பதற்கு இந்தியில் 'தீதி' என்றுதான் அவளுக்கு வரும். "தீதி, பத்து நிமிஷம் இந்த ஜன்னல்கிட்ட நின்னு பாருங்க, ப்ளீஸ்."

உள்ளே மாதங்கி ஹேர்பேண்டைக் காதோடு சேர்த்து மாட்டிக்கொண்டு ஒரு அட்டைப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். கட்டிய வீடு சரிந்துவிட்டதென்று ஒரு சிறுமி அழுதபடி அவளிடம் வந்தாள். மாதங்கி நிமிரவில்லை. இடது கை உயர்ந்தது. அழுகை நிற்காததால் பொம்மை போன் ஒன்றை அவள் கையில் திணித்தாள். சிறுமி அதை வீசினாள். கடிக்கப் பாய்ந்த மாதங்கியை ஷ்ருதி ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கி நான் பாத்துட்டேன் தீதி. நாளைக்கு?"

இந்துஜா குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள்.

மாலையில் போன் கிடைக்காமல் மாதங்கி தரையில் உருண்டு கத்தினாள். இந்துஜா ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோவமா இருக்கா? இருக்கட்டும். அம்மா இங்கயேதான் இருக்கேன்."

"அட, குடுத்துத் தொலையேன்! எனக்கும் மீட்டிங் இருக்கு!" அடுத்த அறையிலிருந்து கணவன் அர்விந்த் கத்தினான்.

"மாட்டேன்."

வெகுநேரம் கழித்து விசும்பல் ஓய்ந்தது. இந்துஜா மெல்லக் கேட்டாள்: "லால் லைட் ஏன்னு கேட்டியே, வா, பாக்கலாமா?"

குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. இடது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டியது.

அறை வாசலுக்கு வந்த அர்விந்த் அதைப் பார்த்தான்.

"பாத்தியா? கேள்வி கேக்க வந்தவளுக்கு நாம இதத்தான் குடுத்தோம்," என்றாள் இந்துஜா. "கூப்பிட்டா திரும்பிப் பாத்துப் பதில் சொல்ல ஆள் இருந்தாத்தான் குழந்தைக்குப் பொறுமையும் வரும், யோசனையும் வரும். வாய அடைச்சா ரெண்டும் வராது. அந்தக் கை தானா எறங்கற வரைக்கும் நான் இங்கேருந்து எந்திரிக்க மாட்டேன்."